ஒரே அலுமாரி

“பதிவேட்டுக்கு மூனு பிரதி ஈக்கிது மிஸ். ஒன்டு போனாலும் மத்த ரெண்டும் வேல செய்யும்,” என்று மடிக்கணினியை சர்மிளாவின் பக்கம் திருப்பினான் அஹ்னாப்.

கம்பளை, நாவலப்பிட்டி, பன்வில என்று மூன்று தாய்மார் கிளினிக்குகளும் ஒரே நேரத்தில் எழுதவும் பார்க்கவும் ஒரு பதிவேட்டை அவன் செய்து முடித்திருந்தான். அதை எந்தக் கம்பெனியின் கிளவுடில் வைப்பது என்பதுதான் பாக்கி. இரண்டு கம்பெனிகளில் சோதனைக்கு ஏற்றியிருந்தான். பதிவுகளுக்குப் பொறுப்பான சர்மிளா ஒன்றுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அவன் விரலோ இரண்டாவது கம்பெனியை விட்டு நகரவேயில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

“அங்க உங்க ஆளுங்க யாராச்சும் வேல செய்றாங்களா?”

“என்ட மச்சான் ஒருத்தர் ஈக்கிறார். அதுக்காகச் செல்லல்ல மிஸ். இது வேகம்.”

“இது வேகமா ஓடுனா புள்ள சீக்கிரமா பொறந்துருமா? மூனு பிரதியும் எங்க இருக்கு?”

“சிங்கப்பூர்ல.”

“சிங்கப்பூர்ல எங்க?”

சிரித்தான். “கிளவுட் மிஸ். வீட்டு நம்பரா கேக்குறீங்க?”

“ஆமா. அதத்தான் கேக்குறேன்.”

அவளுடைய பிறப்புப் பதிவுக்கும் ஒரு காலத்தில் இரண்டு பிரதி இருந்தது. தேயிலைத் தோட்டத்து ஆபீஸில், ஒரே அலுமாரியின் மேல்தட்டில் ஒன்று, கீழ்த்தட்டில் ஒன்று. மண்சரிவு இரண்டையும் அலுமாரியோடு கொண்டுபோயிற்று. அடையாள அட்டைக்காக அவள் ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. கடைசியில் ஓர் அதிகாரி அவள் முகத்தைப் பார்த்து வயதை ஊகித்து, பிறந்த நாள் ஜனவரி முதலாம் திகதி என்று எழுதினார். ஆடி மழையில் பெற்றதாக அம்மா சொன்னதை அவர் கேட்கவில்லை.

அஹ்னாப் எதையோ தட்டினான். நிறுத்தினான். மறுபடியும் தட்டினான்.

“ஒரே கட்டடம்,” என்றான் மெல்ல. “அவங்களுக்கு அங்க ஒன்டுதான் ஈக்கிது. அதான் வேகம். நான் பாக்கல்ல மிஸ்.”

“மொத கம்பெனி?”

“மூனு கட்டடம். வேற வேற எடம்.”

“வாயால சொல்லாதீங்க. என் பேர அதுல போட்டுட்டு ஒரு கட்டடத்துப் பிரதிய நிப்பாட்டிக் காட்டுங்க.”

பெயரை அடித்தான். “பொறந்த திகதி?”

“ஆடி மாசம். நாள் தெரியாது.”

“நாள் இல்லாட்டி எடுக்காது மிஸ்.”

கையெழுத்துக்கு எடுத்த பேனாவின் மூடியில் கட்டைவிரலை வைத்தாள். “ஜனவரி ஒன்னு போடுங்க.”

ஒரு கட்டடத்துப் பிரதியை நிறுத்தினான். திரையில் சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. இருவரும் அதையே பார்த்தார்கள். வட்டம் நின்றது. சர்மிளா, ஜனவரி 1. ஓர் எழுத்தும் குறையாமல், அந்தப் பொய்த் திகதியோடு வந்து நின்றது.

அவள் கட்டைவிரல் இன்னும் பேனாவின் மூடியிலேயே இருந்தது.