முழுப் பொருத்தம்

1

வயதாக ஆக ரத்தத்தில் ஏதோ ஓர் அணுவின் வாரிசுகள் மட்டும் பெருகி மற்றவற்றை ஓரங்கட்டிவிடுவதுண்டு என்று எங்கோ படித்தேன். அன்றைக்குப் பிடித்த சனியன்தான் இந்தக் கதை.

திருவனந்தபுரத்துக் கரமனை ஆற்றில் அன்று வெயில்—

(வேண்டாம். நோயாளி இருக்கிற வீட்டில் யார் ஆற்றைப் பார்க்கிறார்கள்?)

2

சூடாமணிக்கு ரத்தப் புற்றுநோய். மகன் கௌசிக்கின் எலும்பு மஜ்ஜை அவளுக்கு முழுதாகப் பொருந்தியது.*

"மாமனைக் கட்டிண்டதுக்கு இப்பத்தான் ஒரு பிரயோஜனம்" என்று சிரித்தாள். கணவர் சுந்தரராமன் அன்றே பழவங்காடிக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

* பெற்ற பிள்ளையுடையது பாதிதான் பொருந்துவது வழக்கம். இவள் கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. இரண்டு பக்கமும் ஒரே குடும்பம் என்பதால் மறுபாதியும் பொருந்திவிட்டது.

(கௌசிக்குக்கு ஒரு கெட்ட குணம் கொடுக்கப் பார்த்தேன். ஒட்டவில்லை. அம்மா கேட்டால் எதையும் கொடுப்பான், பாவி.)

3

அடுத்த பரிசோதனை முடிந்ததும் டாக்டர் ஷைலஜா கௌசிக்கைத் தனியாக அழைத்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"அம்மாவோட நோய்க்குக் காரணமான அதே மரபணுத் தப்பு உங்க ரத்தத்திலயும் உண்டு, கேட்டோ. பிறவியிலேயே வந்தது. இப்போ குழப்பமில்லை, நல்லாத்தான் இருக்கீங்க. பட்சே வயசாகும்போது தலைதூக்கலாம். அதனால உங்ககிட்டேருந்து மஜ்ஜை எடுக்க முடியாது."

"அப்போ என் பொண்ணு ஜானவிக்கு?"

"பாதிக்குப் பாதி சான்ஸ். டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும்."

அவன் பயந்தது தனக்காக அல்ல. அம்மா, தன்னிடமிருந்துதான் மகனுக்கு இது போயிருக்கிறது என்று தெரிந்தால் உடைந்துபோவாள். அவளுக்குத் தன் நோய் கூட அதற்கப்புறம்தான்.

4

முடிவு அ: உண்மையைச் சொல்கிறான். சூடாமணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து—

(எழுதினேன். அந்த முதுகைப் பார்க்க முடியாமல் அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: பொய்.

"எனக்குச் சுகர் இருக்காம்மா. அதனால எடுக்க மாட்டாளாம்."

சூடாமணி அவன் கையைத் தடவிக் கொடுத்தாள். "போறதுடா. நீ உடம்பைப் பார்த்துக்கோ."

இங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிட்டு எழுந்திருப்பேன். அதற்குள் சுந்தரராமன் வாயைத் திறந்துவிட்டார்.

"நம்ம ஜானவிக்குப் பதினெட்டு ஆயிடுத்தே. சுகர் கிகர் ஒண்ணும் கிடையாது. இப்பவே கூட்டிண்டு போய்ப் பார்த்துட்டா என்ன?"

சத்தியமாக இதை நான் யோசிக்கவில்லை. ஆனால் எந்தத் தாத்தாவும் கேட்கக்கூடியதுதானே?

"நான் ரெடி தாத்தா" என்று உள்ளிருந்து ஜானவி வந்தாள்.

எல்லோரும் கௌசிக்கைப் பார்க்கிறார்கள். போகச் சொன்னால் அவள் ரத்தமே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்; வேண்டாமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். அவன் வாயில் ஒரு சொல்லை வைக்க எனக்குத் தைரியமில்லை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நீங்கள்தான் வைக்க வேண்டும். ஜானவி செருப்பை மாட்டிவிட்டாள்.