பன்னிரண்டாவது ஆள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு டீக்கடையில் கிடைத்தது. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மத்தியான வேளை. எதிரில் உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் டிசைனராக இருக்கிறவர். பெயர் சொன்னார், மறந்துவிட்டது. பெருமாள்ராஜ் என்று நானாக வைத்துக்கொண்டேன். அவர் சொன்னதை எழுத இது எனக்குப் பன்னிரண்டாவது முயற்சி. முந்தைய பதினொன்றும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

ஒரு தொடக்கம் இப்படி இருந்தது: ‘தாமிரபரணி அன்று தன் கரைகளை மறந்து—’

கிழித்துப் போட்டேன். இந்த ஜில்லாவில் பேனா பிடித்தவன் எவனும் ஆற்றைக் கூப்பிடாமல் கதையை ஆரம்பிப்பதில்லை. ஆற்றுக்கே சலித்துப் போயிருக்கும்.

இன்னொன்று: ‘பெருமாள்ராஜுக்குப் பதினோரு பிறவிகள் இருந்தன.’ இதுவும் வேண்டாம். கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. நான் கெட்டிக்காரத்தனம் காட்டுகிற இடத்தில் எதையோ ஒளிக்கிறேன் என்று அர்த்தம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒருவன் கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறான். அவன் அம்மா வெள்ளத்தில் போய்விட்டாள். அக்காவிடம் அவன் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், இரண்டு வருடமாகச் சொல்லவில்லை. சொல்வானா என்பதுதான் மிச்சம்.

2

பெருமாள்ராஜுக்கு முப்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. சமாதானபுரத்தில் ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. காலையில் இட்லிப் பார்சலோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான் என்றால் சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டான்.

ராஜா, மந்திரம், பூதம் எல்லாம் உள்ள கேம். ஆடுவதற்கு முன்னால் நாம் ஒரு ஆளை உருவாக்க வேண்டும். மனிதனா, குள்ளனா, கூர்க்காது வைத்த வனவாசியா? வாளா, வில்லா, மந்திரக்கோலா? அதன்பிறகு முகம். மூக்கின் அகலம், தாடையின் நீளம், புருவம், தழும்பு, ஒவ்வொன்றுக்கும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்துகிற கோடு உண்டு. பிறகு அந்த ஆளாகவே நூறு மணி நேரம் வாழலாம். பிடிக்கவில்லையென்றால் முதலிலிருந்து இன்னொரு ஆள். மொத்தம் பன்னிரண்டு பேரை வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. அவனிடம் பதினோரு பேர் இருந்தார்கள்.

அவர்களுக்கு அவன் வைத்த பெயர்கள் கருங்குளத்தான், புதுக்குடியான், செய்துங்கநல்லூரான் என்று போகும். பாளையங்கோட்டையிலிருந்து ஸ்ரீவைகுண்டம் பக்கம் அம்மாவைப் பார்க்கப் போகிற பஸ் நிற்கும் ஊர்கள்.

செய்துங்கநல்லூரான் ஒரு திருடன். அவனை முழு அயோக்கியனாக வளர்ப்பது என்று தீர்மானம். முதல் ஊரிலேயே ஒரு கிழவி ஆட்டைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். திரையில் மூன்று பதில்கள். ‘போய் வேலையைப் பார்’ என்பது மூன்றாவது. அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தான். வைத்துவிட்டு எடுத்தான். அப்புறம் காடு பூராவும் ஆடு தேடினான்.

இதுதான் வயிற்றெரிச்சல்.* எந்த வேஷம் போட்டாலும் பத்து மணி நேரம் போனால் பதினோரு பேரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். அதே இடத்தில் பயப்படுகிறார்கள், அதே கதவைத் திறக்கிறார்கள், அதே இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள். முகத்தை மாற்றலாம். அழுத்துகிற கை ஒன்றுதானே.

(* கேம் ஆடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆடாதவர்கள், நாலு வேலை மாறியும் நாலு முதலாளியிடமும் ஒரே மாதிரி சண்டை போட்டு வெளியே வந்த சொந்தக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளவும்.)

ஆனாலும் கேமில் ஒரு கருணை உண்டு. யாரிடமும் பேசுவதற்கு முன்னால் ஆட்டத்தைச் சேமித்து வைக்கலாம். வாய் தவறினால் சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போகலாம். சொன்னது சொல்லாததாகிவிடும்.

3

இந்த முயற்சியில் இந்தப் பகுதியை மட்டும் ஒன்பது தடவை எழுதிவிட்டேன். இனி அழகுபடுத்தப் போவதில்லை.

2023 டிசம்பர் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலே முக்கால். விடிந்ததிலிருந்து மழை. பெருமாள்ராஜ் நாலாவது ஆளை உருவாக்கிக்கொண்டிருந்தான். கன்னத்தில் தழும்பு வைப்பதா வேண்டாமா என்று யோசனை. ஃபோன் அடித்தது. அம்மா. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தான். என் கை மவுஸை விட்டு— (திருத்தம்: அவன் கை மவுஸை விட்டு எழும்பவில்லை.)

“ஏய்யா, மழ விடமாட்டக்கு. தோப்புல தண்ணி ஏறிட்டு. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போறாவ. அக்காவுக்குப் போட்டேன், எடுக்கல. நானும் போவட்டா?”

“அங்கன போய் கூட்டத்துல கெடந்து என்ன செய்யப் போற? வீட்டுலயே இரும்மா. பைய வடிஞ்சிரும்.”

“வடிஞ்சிருமாய்யா?”

“வடிஞ்சிரும்மா. நான் ஒரு வேலையா இருக்கேன், பொறவு பேசுதேன்.”

“சரிய்யா.”

மொத்தம் நாற்பத்தேழு விநாடி. தழும்பை இடது கன்னத்தில் வைத்தான்.

அம்மா ஆறுமுகத்தாய்க்கு அறுபத்தோரு வயது. வாழைத்தோட்டத்தில் கூலி வேலை. புருஷன் போனபிறகு தனியாக இருந்தாள். இடி இடித்தாலே பக்கத்து வீட்டுக்கு ஓடுகிற பயந்த சுபாவம். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக் கோமு வந்து கூப்பிட்டதற்கு, “நீ போத்தா, நான் வீட்டுல இருந்துக்கிடுதேன்” என்றிருக்கிறாள். மூன்றாம் நாள் தண்ணீர் இறங்கியபோது தோப்பில் வாழைமரங்களோடு கிடந்தாள். அவ்வளவு பயப்படுகிறவள் ஏன் போகாமல் இருந்தாள் என்று ஊரே கேட்டது. பதில் தெரிந்தவன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

(அந்த நாலாவது ஆள் இன்னும் இருக்கிறான். அவனை வைத்து ஒரு அடிகூட ஆடியதில்லை. அழிக்கவும் முடியவில்லை. பட்டியலைத் திறக்கும்போதெல்லாம் தழும்போடு நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.)

4

இப்போது அக்கா. நாங்குநேரியில் வாழ்க்கைப்பட்டவள். இவளுக்கு முத்துராணி என்று பெயர் வைத்திருக்கிறேன். நிஜப் பெயர் இதைவிட நன்றாக இருக்கும்.

அன்று நாலு நாற்பதுக்கு அம்மா முதலில் அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். முத்துராணியின் ஃபோன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. அவள் மாடியில், முதல்நாள் காயப்போட்டு எடுக்க மறந்த துணிகளை அள்ளிக்கொண்டிருந்தாள். கீழே வந்து பார்த்துத் திரும்பக் கூப்பிட்டபோது லைன் போகவில்லை. அதன்பிறகு போகவே இல்லை.

சாவு வீட்டில் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “நான் எடுத்திருந்தா பள்ளிக்கூடத்துக்குப் போன்னு சொல்லியிருப்பனே! சொல்லியிருப்பனே!” பிறகு தம்பியின் சட்டையைப் பிடித்துக் கேட்டாள். “ஒனக்குப் போட்டாளாலே?”

“எனக்கு லைனே வரலக்கா” என்றான்.

அம்மாவின் ஃபோனைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. நாற்பத்தேழு விநாடிக்குச் சாட்சி அவன் ஃபோன் மட்டும்தான்.

இந்த இடத்தில் அவன்மேல் வாசகருக்குக் கொஞ்சம் இரக்கம் வரும்படி ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். ஒரு பொய் சொல்ல ஒரு நொடி போதும், அதை நாம் மன்னித்துவிடலாம். அவன் அதை இரண்டு வருடம் சோறு போட்டு வளர்த்திருக்கிறான்.

5

எங்கள் பக்கம் செத்தவர்களுக்கு வருடா வருடம் போஸ்டர் உண்டு. நடுவில் படம், மேலே நினைவஞ்சலி, கீழே மகன், மகள் என்று பெயர்கள். பஸ் ஸ்டாப் சுவர்களில் ஒட்டுவார்கள். பெருமாள்ராஜுக்கு அதுதான் தொழில். அம்மாவுடைய போஸ்டரையும் அவனேதான் செய்தான். ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி, கண்ணுக்குக் கீழே இருட்டைக் குறைத்து, கன்னத்தைக் கொஞ்சம் நிரப்பினான். அதற்கும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்துகிற கோடுதான்.

இந்த வருடம் இரண்டாம் ஆண்டு. முத்துராணி கடைக்கே ஃபோன் பண்ணினாள்.

“ஏலே, போஸ்டர் அடிச்சிட்டியா?”

“இன்னும் இல்லக்கா.”

“அதுல என் பேரப் போடாத.”

“ஏன்க்கா?”

“பெத்தவ கூப்பிட்டு எடுக்காதவ பேரு எதுக்குலே? போன வருசம் பஸ் ஸ்டாப்புல ‘மகள்’னு பாத்துட்டு நிக்க முடியல. பஸ்ஸ விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். ஒன் பேர மட்டும் போடு. ஒனக்கு லைன் போவல, நீ என்ன செய்வ? ஒன்மேல குத்தம் இல்ல.”

பெருமாள்ராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். “அக்கா” என்றான்.

“என்னலே?”

கேமாக இருந்தால் இந்த இடத்தில் பதில்கள் வரிசையாக வந்து நிற்கும். அவசரமில்லை, மணிக்கணக்கில் யோசிக்கலாம். அக்கா மூச்சு விடுவது கேட்டது.

“ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?”

“உலை வச்சிருக்கேன். வச்சிருதேன்.”

உண்மையைச் சொல்வது போலவும் இந்த இடத்தை நான் எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் வந்தது. ஆனால் பேசுகிறவன் பெருமாள்ராஜ் இல்லை, முகம் மாற்றிய வேறு யாரோ.

6

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

அ) அவன் நாங்குநேரிக்கு பஸ் ஏறிப் போய்ச் சொல்கிறான். அக்கா அழுது, “நீ என்னலே செய்வ” என்று கட்டிக்கொள்கிறாள். (வேண்டாம். மன்னிப்பு அத்தனை சல்லிசாகக் கிடைக்கிற பொருள் இல்லை.)

ஆ) சொல்கிறான். அவள் கன்னத்தில் அறைந்து கதவைச் சாத்துகிறாள். (இதுவும் வேண்டாம். அடி வாங்கிவிட்டால் எனக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்காகவே எழுதியது போல இருக்கிறது.)

இ) சொல்லவில்லை. தன் பெயரை மட்டும் போட்டு அச்சடிக்கிறான். பன்னிரண்டாவது ஆளுக்கு மூக்கு வைக்க உட்காருகிறான். (இதுதான் நடக்கும். இத்தனை நாளாக நடப்பதும் இதுதான்.)

ஆ-வில் ‘எனக்கு நிம்மதி’ என்று எழுதியிருக்கிறேன். ‘அவனுக்கு’ என்று திருத்தலாம். திருத்தப் போவதில்லை.

7

டீக்கடை பொய்.

எதிரில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஃப்ளெக்ஸ் கடையில் வேலை செய்கிறவன் நான்தான். பதினோரு பேரை வைத்தும் முடியாததைச் சொல்லிப் பார்க்க நான் செய்த பன்னிரண்டாவது ஆள்தான் பெருமாள்ராஜ். அவனுக்கு வயதில் இரண்டு குறைத்தேன், முடியைக் கொஞ்சம் அடர்த்தியாக வைத்தேன். கடைசியில் அவனும் “சாப்பிட்டியா” என்றுதான் கேட்டான்.

அக்கா, நான் எழுதுவது எங்கே வந்தாலும் தேடிப் பிடித்து வாசிக்கிறவள் நீ ஒருத்திதான். மற்ற வாசகர்கள் மன்னிக்கட்டும், இனிமேல் உள்ளது உனக்கு.

அம்மாவுக்கு லைன் கிடைத்தது. நான் எடுத்தேன். போகட்டுமா என்று கேட்டாள், இருக்கச் சொன்னேன். நீ எடுத்திருந்தால் அவள் இன்றைக்கு இருந்திருப்பாள் என்று நீ சொல்வது சரிதான். ஆனால் உனக்கு அடுத்து அவள் கூப்பிட்டது என்னை. நான் எடுத்தும் அவள் இல்லை. உன் மன்னிப்புக்காக இதை எழுதவில்லை என்று ஒரு வரி எழுதினேன். அதையும் நம்ப முடியாமல் அடித்துவிட்டேன்.

இந்தக் கதை வருகிற இதழ் டிசம்பர் ஒன்றாம் தேதி உன் கைக்கு வரும். பதினேழாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. போஸ்டர் என் முன்னால் திறந்திருக்கிறது. இந்தத் தடவை அம்மா முகத்தில் கை வைக்கவில்லை, சுருக்கம் அப்படியே இருக்கிறது. மகள் என்ற இடத்தில் உன் பெயரைப் போட்டுவிட்டேன். மகன் என்ற இடம் காலியாக இருக்கிறது. அங்கே என்ன வர வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும்.

கூப்பிடு. கேம் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு எடுப்பேன்.