மில் வளவில் காணாமற்போன ஒழுங்கை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, பக்கத்தில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், கிளிநொச்சிப் பட்டினத்தில் ஒரு வீட்டுத்திட்டத்துக்குள் போகிற ஒழுங்கையே காணாமற்போன சங்கதியைச் சொன்னார். நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் மூக்கால் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"உமக்குச் சிரிப்பு. எனக்கு அங்கை காணி" என்றார்.

அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. மிச்சம் முழுக்க என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "கிளிநொச்சியில் சூரியன் மெல்ல எழுந்து" — வெட்டிவிட்டேன். அந்த ஊரில் சூரியன் மெல்ல எழும்பி ஒருவரும் கண்டதில்லை. விடிந்தவுடனேயே பிடரியில் அடிக்கும்.

இரண்டாவது: "நகர்ப்புறங்களிற் பயன்பாடின்றிக் கிடக்கும் நிலங்களை வீடமைப்புக்கு உட்படுத்துதல் என்பது" — இது கதையில்லை, கந்தோர்ச் சுற்றறிக்கை. வாசிக்கிறவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிவரும்.

மூன்றாவது: "வீரம்மாவுக்கு வேலி போடத் தெரியாது."

இது நிற்கட்டும்.

3

வீரம்மாவுக்கு வேலி போடத் தெரியாது. (பார்த்தீர்களா, ஓடுகிறது.) தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். வேலிக்கு அங்கே இடமேது? தோட்டத்தில் வேலை போனால் வீடும் போய்விடும். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் இரண்டும் போய், புருஷன் மாயாண்டியோடும் ஒரு சாக்குமூட்டையோடும் கிளிநொச்சிக்கு வந்தாள். அவன் சந்தையில் மூட்டை சுமந்தான். அவள் சந்தை வாசலில் தோசை சுட்டு விற்றாள். இரவில் சந்தைக்குப் பின்னாலிருந்த மில் வளவில் ஒரு கொட்டிலுக்குள் படுத்தார்கள்.

அந்த வளவுதான் நமக்குக் களம். எப்போதோ மூடிப்போன அரிசி மில். கூரையைக் காற்றும் தகரத்தை ஆட்களும் கொண்டுபோயிருந்தார்கள். பட்டினத்தின் நடுவில் இப்படியொரு நல்ல நிலம் எருக்கலை பற்றிக் கிடக்கலாமோ என்று அரசாங்கத்துக்கு எண்பதாம் ஆண்டில் ஞானம் வந்தது. வீட்டுத்திட்டம் போட்டார்கள். முன்வரிசையில் ஆறு காணி, பின்வரிசையிலும் அப்படியே. பின்வரிசைக்குப் போவதற்கு முன்வரிசையின் கரையோடு பன்னிரண்டடி அகலத்தில் ஒரு ஒழுங்கை. ஒழுங்கைக்கு மற்றப் பக்கம் தனியாக ஒரு துண்டு. அது வீரம்மாவுக்கு.

காணி கிடைத்த அன்று அவள் அந்தத் துண்டின் நடுவில் போயிருந்து அழுதாள். மாயாண்டி எழும்பச் சொன்னான். "நான் எந்திரிச்சா வேற யாராச்சும் உக்காந்துருவாங்க" என்றாள்.

4

திட்டத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ராஜரத்தினம். இந்த மனுசன்தான் எனக்குத் தலையிடி. முதற் பிரதியில் இவரை வில்லனாக்கி, தடிப்பாக ஒரு மீசையும் வைத்துவிட்டேன். ஆனால் காணிப் பட்டியலில் வீரம்மாவின் பெயர் விடுபடப் பார்த்தபோது கந்தோரில் நின்று வாதாடிச் சேர்த்தவரும் இவரேதான்; வில்லன் ஏன் அப்படிச் செய்கிறான்? இரண்டாம் பிரதியில் தர்மவானாக்கினேன். அதை நானே நம்பவில்லை. கடைசியில் உள்ளபடி எழுதுகிறேன்: நல்ல மனுசன், பயந்த மனுசன், தன் ஊர்ப்பக்கம் இடமாற்றம் கேட்டு எழுதிப்போட்டுக் காத்திருப்பவர். மீசையை எடுத்தாயிற்று.

ராஜரத்தினம் காணிகளுக்கு முளை அடித்தார். சந்தைக்கு வந்தவர்கள் அவற்றில் ஆடு கட்டினார்கள். ஆடுகள் முளைகளோடு வீட்டுக்குப் போயின. பிறகு சுண்ணாம்பால் கோடு போட்டார். ஒரு மழை பெய்தது.

"நான் காட்டின கோடு ஞாபகம்தானே? அதின்படி வீட்டு வேலையைத் தொடங்குங்கோ" என்று சொல்லிவிட்டு லீவில் போனார்.

அங்கேதான் பிழை வந்தது. முன்வரிசைக்காரர் எல்லோரும் யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வந்தவர்கள். வீட்டு வேலையைத் தொடங்கச் சொன்னால் அந்தச் சனம் எங்கே தொடங்கும்? அத்திவாரத்திலா? வேலியில்!*

* கோபிக்க வேண்டாம், நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். என் வீட்டுக் கூரை ஒழுகும். வேலியில் நாய் நுழைய ஒரு பொட்டுக் கிடையாது.

5

ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு நட வெட்டிய கிளுவைக் கதியால் வண்டில் வண்டிலாக வந்திறங்கியது. முன்வரிசையின் மறு தொங்கலில், ஒழுங்கைக்குத் தூரத்துக் காணிக்காரர் நடராசா முதலில் தொடங்கினார். "வேலியின்ரை தடிப்புக்கும் இடம் வேணுமல்லோ" என்று ஒழுங்கைப் பக்கமாக இரண்டடி தள்ளி நட்டார். களவில்லை, ஒரு முன்யோசனை. பக்கத்துக் காணிக்காரர் அந்த வேலியிலிருந்து தன் காணியை அளந்து, தானும் இரண்டடி முன்யோசித்தார். அடுத்தவரும் அப்படியே. இந்த முன்யோசனை வரிசையாக நகர்ந்து, ஒழுங்கைக் கரையிலிருந்த விமலேஸ்வரியின் காணியையும் தாண்டியபோது அவர் வேலி போய் நின்ற இடம் வீரம்மாவின் எல்லை. இடையிலிருந்த ஒழுங்கை முழுவதும் ஆறு வளவுகளுக்குள் பங்குபோட்டுப் போய்விட்டது. ஒருவருக்கும் தாம் எடுத்ததாக நினைவில்லை.

வீரம்மா அன்றைக்குக் கதியால் பிடித்துக்கொடுத்தாள், தோசையும் கொடுத்தாள்.

"நீ வேலி போடேல்லையே, பிள்ளை?" என்று விமலேஸ்வரி கேட்டார்.

"எதுக்குக்கா? யாரு வரப்போறா? வந்தா உக்காந்துட்டுப் போகட்டும்."

(இந்த இடத்தில் நான் அவளுக்கு ஒரு வண்டில் கதியால் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.)

6

மற்ற நாள் பின்வரிசைக்குக் கல்லேற்றிய லொறி வந்தது. சாரதி இறங்கி இடமும் வலமும் பார்த்தான். வேலி, வேலி, வேலி. வேலியில்லாத ஒரே காணிக்குள்ளால் விட்டான். பின்னால் வண்டில் போனது, சைக்கிள் போனது, மாடு போனது. கொஞ்ச நாளில் வீரம்மாவின் காணியில் இரண்டு தடம் விழுந்துவிட்டது. சனம் அதையே ஒழுங்கை என்று சொல்லத் தொடங்கிவிட்டது.

லீவு முடிந்து வந்த ராஜரத்தினம் நாடாவைப் பிடித்து ஒவ்வொரு வளவாக அளந்தார். அளந்து முடிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டு மில்லின் குட்டிச்சுவரில் இருந்துவிட்டார். அத்திவாரக் கல் நாட்டக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வருவதாக ஏற்பாடு; அவருடைய கார் பின்வரிசைக்குப் போயாக வேண்டும்.

வேலியைத் தள்ளி நடச் சொல்லி, வாசல் வாசலாகப் படலை தட்டிக்கொண்டு போனார்.

"நான் மாட்டனெண்டே சொன்னனான்? மற்றவை பிடுங்கட்டும், பிறகு நானும் பிடுங்கிறன்" என்றார் நடராசா.

விமலேஸ்வரி கதியாலைத் தொட்டுக் காட்டினார். மழைக்கு எல்லாம் துளிர்விட்டிருந்தது. "துளிர்த்த வேலியைப் பிடுங்கினால் குடும்பத்துக்கு ஆகாது, தம்பி. நான் பக்கத்து வேலியிலையிருந்துதான் அளந்தனான். என்னிலை என்ன பிழை?"

பிழையில்லைத்தான். ஒருவரிலும் பிழையில்லை. அதனால் எல்லோரும் வேலியில்லாத காணியைப் பார்த்தார்கள்.

ராஜரத்தினம் வீரம்மாவிடம் போய், குரலைத் தாழ்த்தி, இந்தத் துண்டை ஒழுங்கைக்கு விட்டால் முரசுமோட்டைப் பக்கம் இதைவிடப் பெரிய காணி, வாய்க்கால் ஓரம், நல்ல தண்ணீர் என்றார்.

"அங்க யாருக்குங்க ஐயா தோசை சுடுறது? கொக்குக்கா?" என்று கேட்டாள் வீரம்மா.

7

முடிவுகள்.

(அ) ராஜரத்தினம் வெகுண்டெழுந்து விமலேஸ்வரியின் வேலியைப் பிடுங்கி எறிகிறார். எழுதிப் பார்த்தேன். வேலி வரைக்கும் வந்தார், கதியாலில் கைவைத்தார், இருமினார், திரும்பிப் போய்விட்டார். விமலேஸ்வரியென்றால் எனக்கும் பயம்; அவரை என்ன சொல்ல?

(ஆ) வீரம்மா சாக்குமூட்டையோடு முரசுமோட்டை வண்டிலில் ஏறுகிறாள். வானம் இருண்டிருக்கிறது. இதை மிக வடிவாக எழுதியிருந்தேன். வாசித்த சிநேகிதர் கண்ணைத் துடைத்து, "அருமை" என்றார். அந்த அருமைதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் ஏன் போகவேண்டும்? கிழித்துவிட்டேன்.

(இ) "வீரம்மாவும் அந்த ஞாயிறே வேலி போட்டாள்." அப்படியென்றால் லொறி வராது, கல் வராது, பின்வரிசையில் ஒருவருக்கும் வீடு வராது. வளவு முழுக்கத் துளிர்த்த வேலி மட்டும்

இந்த வசனத்தை முடிப்பதற்குள் வீரம்மா வந்துவிட்டாள். கதைக்குள்ளிருந்து எழும்பி, கையில் மாவோடு, நேரே என் மேசையடிக்கு.

"ஐயா, நீங்கதானே இத எழுதுறீங்க?"

"ஓம்."

"எல்லாருக்கும் வேலி எழுதினீங்க. எனக்கு மட்டும் ஏன் எழுதல?"

கதைக்குத் தேவைப்பட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"சரி, அத விடுங்க. நாளைக்குக் காரு வருதாம். நான் அடுப்புக்கு மண்ணு கொழைக்கணும்" என்று போய்விட்டாள்.

8

முன்வரிசையில் ஆறு காணி என்றேன். நடராசாவையும் விமலேஸ்வரியையும் சொன்னேன். நடுவில் ஒன்றை ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். அது உங்களுடையது.

நல்ல காணி. சந்தை கூப்பிடு தூரம். உங்கள் வேலியும் துளிர்த்துப் பச்சையாக நிற்கிறது, பார்க்க ஆசையாக இருக்கிறது. உங்களுக்கும் இரண்டடி கூட. நீங்களும் பக்கத்து வேலியிலிருந்துதான் அளந்தீர்கள், உங்களிலும் பிழையில்லை.

வீரம்மா லொறித் தடத்துக்கு மேலே மண் குழைத்து அடுப்புப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நடராசா தன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார். விமலேஸ்வரியும் பார்க்கிறார். ஆராவது ஒருவர் தொடங்கினால் தாங்களும் தொடங்குவதாக இப்போது இரண்டு பேருமே சொல்லியிருக்கிறார்கள்.

ராஜரத்தினம் உங்கள் படலையைத் தட்டுகிறார்.

"முதல் கதியால் ஒண்டுதான். பிடுங்குவியளோ?"

இனி நான் எழுத ஏலாது, அது உங்களுடைய வளவு. மழை தூறத் தொடங்கிவிட்டது. மனுசன் நனைந்துகொண்டு நிற்கிறார்.