தட்டியதும் விட வேண்டும்

பயிற்சி மெத்தையில் மல்லாந்து கிடந்த சுதாவின் மேல் என் எண்பத்தெட்டு கிலோவையும் இறக்கியிருந்தேன். அவள் அவசரமே இல்லாமல் மூச்சை வெளியே விட்டாள். அடுத்த நொடி நான் பக்கத்தில் உருண்டு கிடந்தேன். சுற்றி நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

தேக்கா பக்கம் ஒரு துணிக்கடையின் மாடியில் நடக்கும் இந்த ஜியு ஜிட்சு வகுப்புக்கு ஆறு வருடமாக வருகிறேன். தரையில் கட்டிப் புரண்டு, எதிராளியை மடக்கி, அவர் போதும் என்று கையால் தட்டும் வரை பிடிப்பதுதான் விளையாட்டு. இரண்டு முறை விலா பிசகி, ஒரு காது வீங்கி, போன வருடம்தான் பர்ப்பிள் பெல்ட் வாங்கினேன், கறுப்புக்கு இரண்டே படி கீழே. சுதா என் மனைவி. எட்டு வருடமாக பிடோக்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே சீன ஆன்ட்டிகளோடு காலையில் தாய்ச்சி செய்கிறாள், மெதுவாகக் கையை அசைக்கும் அந்தச் சீனப் பயிற்சி. காற்றைத் தடவிக்கொடுக்கிறாயா என்று நான் கேலி செய்யாத நாள் இல்லை. சனிக்கிழமை வகுப்புக்கு வீட்டு ஆட்களையும் அழைத்து வரலாம் என்று பயிற்சியாளர் அர்ஃபான் சொன்னபோது, நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று பார்க்கட்டுமே என்றுதான் கூட்டி வந்தேன். முதல் நாளே அப்படி உருண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாவது சனிக்கிழமையே அர்ஃபான் எல்லோரையும் உட்கார வைத்து அவளைப் பேசச் சொன்னான். தாய்ச்சியில், நிற்கும்போது வருகிற பாரத்தைத் தோளில் வாங்காமல் முதுகு வழியாகப் பாதத்துக்கு இறக்கிவிடுவோம், படுத்திருந்தால் முதுகும் இடுப்பும்தான் பாதம் என்றாள். கையை இறுக்கித் தள்ள வேண்டாம், இடுப்பைத் திருப்பினால் கை தானாகக் கூட வரும் என்றாள். சொல்லிவிட்டு அர்ஃபானையே புரட்டிப் போட்டாள். இந்த ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அவன் என்னை முன்னால் நிற்கச் சொன்னதில்லை.

"அண்ணே, அக்காகிட்ட நீங்க கத்துக்கணும் லா. நீங்க டூ மச் மசில்," என்றான்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க விருப்பமில்லை. தெரிந்தவன் கார் வாங்கினால் வருகிறதே, அதைவிட மோசம். கார் என்றால் கீழே பார்க்கிங்கோடு நின்றுவிடும். இது என்னோடு ஒரே கட்டிலில் தூங்கியது.

போன சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஜோடி. இரண்டு முறை நழுவிப் போனாள். மூன்றாவது முறை அவள் வலது கை என்னிடம் மாட்டியது. கால்களுக்கு நடுவே இறுக்கி முழங்கையை நீட்டினேன். என் தொடையில் இரண்டு முறை தட்டினாள். தட்டியதும் விட வேண்டும். முதல் நாள் வருகிறவர்களுக்கு வேறெதையும் சொல்லித்தருவதற்கு முன் அதைத்தான் சொல்லித்தருவார்கள். அதை நம்பித்தான் கழுத்தை அடுத்தவர் கையில் கொடுக்கிறோம். எனக்குக் கேட்டது. விடவில்லை. ஒரு நொடி, மிஞ்சிப்போனால் ஒன்றரை நொடி. மறுபடி தட்டினாள். விட்டேன்.

யாரும் கவனிக்கவில்லை. வீடு திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"நான் தட்டுனது உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்கல," என்றேன்.

தேய்ப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வீட்டில் தக்காளி இல்லை, இறங்கியதும் வாங்க வேண்டும் என்றாள்.

இன்று வரமாட்டாள் என்று நினைத்தேன். வராமல் இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் மாடியேறினாள். அர்ஃபான் மறுபடி எங்களைத்தான் ஜோடி சேர்த்தான். இன்று அவளிடம் தோற்றுவிடுவது என்று முடிவு செய்துகொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்தேன். அவள் படுத்தாள். வழக்கமான அந்த நீண்ட மூச்சு வரவில்லை. தோள் இரண்டும் காதுவரை ஏறி இறுகியிருந்தன. அவள் மணிக்கட்டில் கை வைத்தேன். பிடிக்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கையால் மெத்தையில் படபடவென்று தட்டினாள்.

"செம, அண்ணே," என்று பின்னாலிருந்து அர்ஃபான் சொன்னான்.

நான் கையை எடுத்துவிட்டேன். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.