கோல் அடிச்சது யாரு?

அப்பாவின் உதடுகளை நனைக்கப் பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் தோய்த்தபோது வாசல் மணி அடித்தது. லொரேன் உடனே எழுந்திருக்கவில்லை. நர்ஸ் என்றால் சாவி இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்கு மணியடித்துவிட்டுக் காத்து நிற்பவர்கள் இரண்டே பேர்தான்.

கீழுதட்டையும் நனைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். டக்ளஸும் பெர்னார்டும் கார்ஸ்டேல் டவுன் கால்பந்து அணியின் ஊதா மஃப்ளரோடு, மூக்கு சிவந்து நின்றிருந்தார்கள்.

"நேரா மேட்ச்லேர்ந்து வர்றோம் கண்ணு. என்ன ஆச்சுன்னு சொல்லிட்டுக் கிளம்பிடறோம்," என்றார் டக்ளஸ்.

"அப்பா ரெண்டு நாளா கண்ணே திறக்கலை அங்கிள்." ஐம்பத்து மூன்று வயதாகியும் அந்த 'அங்கிள்' அவள் வாயிலிருந்து போகவில்லை.

"காது திறந்துதானே இருக்கு," என்றார் பெர்னார்ட்.

முன்னறையில் சோபாவை அகற்றிவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டு பதினொரு வாரமாகிறது. நார்மன் வாய் திறந்து மல்லாந்து கிடந்தார். மூச்சு ஒன்று வந்தால் அடுத்தது வருவதற்குள் ஒரு டீயைக் கலந்துவிடலாம் போலிருந்தது. கிழவர்கள் இருவரும் தொப்பியைக் கழற்றினார்கள். பெர்னார்ட் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"டேய் நார்மன், மூணு-ஒண்ணு. தோத்தாச்சு. நம்ம பின்வரிசைப் பசங்களை ரோலிங் ஸ்டோன்ஸ்னு நினைச்சேன். உருளவே மாட்டேங்கறானுங்கடா. வெறும் ஸ்டோன்ஸ்."

"முன்வரிசை மட்டும் என்னவாம்? செர்ச்சர்ஸ். தொண்ணூறு நிமிஷமும் பந்தைத் தேடிக்கிட்டே இருந்தானுங்க," என்றார் டக்ளஸ்.

"கிரவுண்டு பூரா மணலைக் கொட்டி வச்சிருக்கான். பீச் பாய்ஸைத்தான் இறக்கணும்."

லொரேன் சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதே கூத்துதான். ஸ்டாண்டின் கடைசி வரிசையில் மூவரும் உட்கார்ந்து, அறுபதுகளின் பாட்டுக் குழுக்களை ஒவ்வொன்றாக இழுத்து ஆட்டத்தின் தலையில் கட்டுவார்கள். ஒரு சீசனில் சொன்னதைத் திரும்பச் சொல்லக்கூடாது. சிரித்தவன் தோற்றான். அப்பா தோற்றதே இல்லை. வீட்டிலும் அதுவேதான். அவள் பரீட்சையில் தோற்று வந்தபோதும், கணவனை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்தபோதும் அவர் வாயிலிருந்து வந்தது ஒரு குழுவின் பெயர்.

"கோல்கீப்பர்தான்டா சரியான பீட்டில்," என்றார் டக்ளஸ். "முதல் கோலுக்கு மல்லாந்து விழுந்தான் பாரு. வண்டு கணக்கா காலை உதைக்கறான், எந்திரிக்கத்தான் முடியலை."

"போதும் அங்கிள்."

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"இங்க ஒரு மனுஷன் செத்துக்கிட்டிருக்காரு. இப்பவுமா?"

கத்த வேண்டும் என்றுதான் நினைத்தாள். கத்தும் அளவுக்குத் தெம்பில்லை. பெர்னார்ட் மஃப்ளர் நுனியை முறுக்கினார். டக்ளஸ் கட்டிலுக்கடியில் இருந்த செருப்பைப் பார்த்தார். அந்தப் பேச்சு இல்லையென்றால் தங்கள் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

"அம்மாவைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கும் இதேதான்," என்றாள். "சர்ச்ல உங்க ரெண்டு பேருக்கும் பின்னாலதான் உட்கார்ந்திருந்தேன். அப்பா உங்க காதுல என்னமோ சொன்னாரு. ரெண்டு பேருக்கும் தோள் குலுங்குச்சு. எட்டு மாசம் நான் அவர்கூடப் பேசலை, தெரியுமா? என்ன ஜோக் அது?"

டக்ளஸ் கட்டில் பக்கம் திரும்பினார். நார்மனின் மூச்சு இரண்டு முறை வந்து போயிற்று.

"ஜோக்கெல்லாம் இல்லை கண்ணு. 'ஒண்ணுமே வரமாட்டேங்குதுடா டக். நீயாவது ஏதாவது சொல்லேன்'னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கும் ஒண்ணும் வரலை."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இதை அவரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த எட்டு மாதமும் ஞாயிறுதோறும் தான் அப்பா வீட்டு வாசலில் ரொட்டியும் முட்டையும் வைத்துவிட்டு மணியடிக்காமல் போனதை நினைத்துக்கொண்டாள். கணுக்கால் இரண்டும் வீங்கி வலித்தன.

"உட்காருங்க," என்றாள். "மீதியையும் சொல்லுங்க. அவருக்குக் கேட்குமில்ல?"

அவர்கள் உட்கார்ந்தார்கள். ஆனால் அறுந்த பேச்சை எங்கே பிடிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. பெர்னார்ட் இருமினார். டக்ளஸ் நார்மனின் போர்வையை ஒரு மடிப்பு மடித்து, மறுபடி பிரித்தார். அவளுக்கே பாவமாக இருந்தது. அந்த மௌனத்தை எப்படியாவது நகர்த்த வேண்டும் என்று கேட்டாள்:

"நம்ம சைடுல அந்த ஒரு கோல், அதை அடிச்சது யாரு?"

கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெர்னார்டின் தாடை மெல்ல நடுங்கியது.

"என்ன? யாருன்னுதானே கேட்டேன்?"

"ஹூ," என்றார் டக்ளஸ். "கேட்டியாடா நார்மன், உன் பொண்ணு 'தி ஹூ'வையே இறக்கிட்டா! இந்த சீசன்ல எவனும் இன்னும் தொடலையேடா அதை!"

சிறுமியாக இருந்தபோது அப்பாவின் இசைத்தட்டுகளைத் துடைத்து அடுக்கியவள்தான். 'யார்' என்பதையே பெயராக வைத்துக்கொண்ட அந்த நால்வரின் படம் போட்ட அட்டை சட்டென்று கண்முன் வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கில்தான் வந்தது. பிறகு அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பெர்னார்ட் மஃப்ளரை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். டக்ளஸ் கட்டில் கம்பியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மூவருமே தோற்றார்கள்.

சிரிப்பு ஓய்ந்து, லொரேன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். மூவரும் காத்திருந்தார்கள். பிறகு பெர்னார்ட் கையை நீட்டி, நார்மனின் தாடையை மெதுவாக மேலே தூக்கி மூடி, அப்படியே பிடித்துக்கொண்டார்.



ஆறேமுக்காலுக்கு நர்ஸ் வந்தாள். நாடி பார்த்தாள், மருந்து ஏற்றும் சின்னப் பெட்டியை நிறுத்தினாள். "உங்ககூட யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டாள். இருந்தார்கள் என்றாள் லொரேன். சமையலறையில் வாஷிங் மெஷின் துவைத்து முடித்துக் கூவியது. கட்டில் விரிப்பு. எடுத்துக் காயப்போட வேண்டும் என்று எழுந்தவள், பாதி வழியில் நின்றாள். இனி எதற்கு என்று தோன்றியது. இருந்தும் போய் எடுத்து, உதறி, கொடிக்கம்பியில் நீளமாக விரித்துப் போட்டாள். பெர்னார்ட் எல்லோருக்கும் டீ போட்டார். எல்லாவற்றிலும் சர்க்கரை கூடுதல்.

"டக்ளஸ் அங்கிள் எங்க?"

"ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு வெளிய போனான்."

அவள் முன்னறைத் திரையை விலக்கிப் பார்த்தாள். தெருவிளக்கின் கீழே அவளுடைய கார் நின்றது. டக்ளஸ் தன் முதியோர் பஸ் பாஸால் அதன் கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். முன்கண்ணாடி முடிந்தது. பக்கத்து ஜன்னல்கள், பின்கண்ணாடி. ஓரக் கண்ணாடிகள் இரண்டையும் வாயால் ஊதி ஊதித் துடைத்தார்.

இன்றிரவு அவள் எங்கும் போவதாக இல்லை. பெர்னார்ட் கோப்பையோடு வந்து அவளருகில் நின்றார். அவரும் பார்த்தார்.

வெளியே டக்ளஸ் நிமிர்ந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காரை ஒருமுறை சுற்றி வந்தார். முன்கண்ணாடியில் அதற்குள் மறுபடி வெண்மை படரத் தொடங்கியிருந்தது. குனிந்து, முதலிலிருந்து சுரண்ட ஆரம்பித்தார்.