கல்லுக்கு அடிப்பக்கம்

...இல்லை, கல்லின் அடியில் இருக்கிற இது வீட்டுக்காரர் எழுத்தாக இருக்காது, உலகத்தில் இவர் ஒருவர்தானா நாலைச் சுழித்து எழுதுகிறார், ஆனால் தேதிக்குக் கீழே அந்தக் கோடு, பல்பு மாற்றினாலும் கடிகாரத்துக்கு பேட்டரி போட்டாலும் தேதி எழுதிக் கோடு இழுக்கிற மனிதர் இந்த வீட்டில் வேறு யார்? மேசை விளிம்புக்குத் தங்க ரேக்கு, அந்த மெல்லிய தங்கத் தாள், ஒட்ட வந்தவர் மேலே இருந்த பளிங்கைத் தூக்கிச் சுவரில் சாய்த்திருந்தார், ஆணியே கிடையாதாம், தன் கனத்திலேயே உட்கார்ந்திருக்குமாம். "பாருங்கம்மா, எப்பவோ உடைஞ்சிருக்கு. அடியில துணி வச்சு ஒட்டி, மேல மெழுகு பூசியிருக்காங்க. கல்லைப் படுக்கவாட்டுல தூக்கியிருப்பாங்க, பட்டுனு போயிருக்கும்." கெட்டில் சூட்டில் விரிசல் விடாதா என்று கேட்டாள், தன் குரல்தானா அது? "கெட்டில் சூட்டுக்கா? மெழுகு வேணா உருகும்."

மெழுகு... கல்யாணமாகி மூன்றாம் நாள் டீ கெட்டிலை இதன்மேல் வைத்தாள், எடுத்தபோது குறுக்கே கோடு, "கப்பல்ல அலுங்காம வந்த இங்கிலீஷ்காரி இந்த மேசை, மகாராணி நீ வந்த மூணே நாள்ல ரெண்டாயிட்டா!" என்று மாமியார் கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது, அன்றிலிருந்து முப்பத்தொரு வருஷம் அவள் பெயர் கல்லுடைச்சவ. கல்லில் இருந்த தேதியோ கல்யாணத்துக்கு ஐந்து மாதம் முந்தியது. போன வருஷம் மாமியார் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதுகூட, அத்தே, அந்தக் கல்லுக்காக என்னை மன்னிச்சிருங்க என்று காலைப் பிடித்து அழுதாளே, தலைமாட்டில் நின்ற இவர் வாயைத் திறந்தாரா? காலையில்கூட, "ரேக்கு மட்டும் ஒட்டச் சொல்லு, கல்லைத் தொட வேணாம்" என்றாரே...

"என்னம்மா, என்ன சத்தம் அங்க?" பக்கத்து அறையிலிருந்து அவர் குரல், பேப்பர் மடிக்கிற ஓசை. அன்று, அந்தக் கத்தல் ஓய்ந்த பிறகு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் அவர் வந்து முதல்முதலாக அவள் கையைப் பிடித்தார், கை ஜில்லென்று நடுங்கியது, ஐயோ பாவம் எனக்காக இப்படித் துடிக்கிறாரே என்று அந்த நிமிஷமே இந்த மனிதருக்காக எதையும் பொறுக்கலாம் என்று முடிவு செய்தாள், பொறுத்தாள்... செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. அந்தக் கை யாருக்காக நடுங்கியது?