ஒரு பக்கம்தான் கேட்கும் சுவர்

வாசல் காவலாளி 'பார்வையாளர்' என்று அச்சடித்த மஞ்சள் ஸ்டிக்கரை அப்பாவின் சட்டைப்பையின் மேல் ஒட்டி, நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினார். அப்பா முப்பது வருடமாக பஸ் ஓட்டுகிறவர். சட்டையில் அடுத்தவர் எதையாவது குத்துவது அவருக்குப் பழக்கம்தான். குனிந்து அதைத் தலைகீழாகப் படித்துவிட்டு, "சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றார்.

தலைநகரில் படிக்கிற மகனைப் பார்க்க வந்தவரை எங்கே கூட்டிப் போவது? என் விடுதி அறையைக் காட்டுகிற துணிச்சல் எனக்கு இல்லை. பழைய சட்டசபைக் கட்டடம் பக்கத்தில் இருந்தது. ஒரு காலத்தில் நாட்டுக்கே இங்கே சட்டம் போட்டார்களாம். இப்போது 'சுவரில் சாயாதீர்' என்ற ஒரே சட்டம்தான் அமலில் இருக்கிறது. அதையும் யாரும் மதிப்பதில்லை.

அப்பா இப்போது எங்கள் வீட்டில் இல்லை. இரண்டு வருடம் முன்னால் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று, லீவு கிடைக்கவில்லை என்று டூட்டிக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'மகன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். வயது பதினெட்டு முடிந்து பதினொரு நாள். வீடு திரும்பிய அம்மா, "டிப்போதான் முக்கியம்னா அங்கயே இருந்துக்கோங்க" என்றாள். மேலிடத்து உத்தரவுக்கு அப்பா மறுபேச்சுப் பேசுகிறவர் இல்லை. அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிப்போ ஓய்வறைக்குப் போய்விட்டார்.

குவிமாடத்துக்குக் கீழே வட்ட மண்டபம். ஒரு பக்கச் சுவரில் வாயை வைத்து முணுமுணுத்தால், எதிர்ச்சுவரில் காது வைத்தவருக்குப் பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்கும். நடுவில் எழுபது அடி. அப்பாவை அங்கே நிறுத்திவிட்டு நான் எதிர்ப்பக்கம் போனேன்.

"டிரைவர் சார், படிக்கட்டுல தொங்குறாங்க. வண்டிய நிறுத்துங்க."

எதிரே அப்பாவின் தோள் குலுங்கியது. அப்புறம் காதை எடுத்துவிட்டு முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டார். நான் காதை வைத்தேன்.

"டேய்... அம்மாகிட்ட கேளேன், நான் வீட்டுக்கு வரலாமான்னு. அன்னிக்கு லீவு கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. நான்தான் கேக்கல. ஆஸ்பத்திரின்னா எனக்குப் பயம்டா."

அவர் ஒரே மூச்சில் இத்தனை பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா திரும்பிப் பார்த்தார். என் கை தானாகக் காதருகே போய், கேட்கவில்லை என்று ஆட்டிக் காட்டியது. முகத்தில் சிரிப்பே காட்டாமல் புளுகுவதில் கல்லூரியில் எனக்குப் பெயர் உண்டு. பாதி விளையாட்டு. மீதிப் பாதி, அந்தப் படிவம். இன்னொரு தடவை சொல்லட்டுமே என்றும் இருந்தது.

அப்பா மண்டபத்தின் குறுக்கே நடந்து வந்தார்.

"ஒண்ணுமே கேக்கலையா?"

"இல்லப்பா. என்ன சொன்னீங்க?"

"நீ சொன்னது எனக்கு நல்லா கேட்டுச்சே." டயரில் காற்று பார்ப்பது போலச் சுவரைத் தட்டினார். "பழசாயிடுச்சுல்ல. ஒரு பக்கம்தான் கேக்கும் போலிருக்கு."

"இப்பச் சொல்லுங்களேன்."

"ஒண்ணுமில்லடா. சும்மா ஹலோன்னேன்."

வெளியே போகும் வழியில் ஸ்டிக்கர் போட ஒரு கூடை இருந்தது. நான் என்னுடையதைப் போட்டேன். அப்பா கவனிக்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. ஊர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நெஞ்சில் 'பார்வையாளர்' என்ற மஞ்சளோடு போனார்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"சாப்பிட்டாராடா?"

"சாப்பிட்டாரு."

"ஏதாச்சும் சொன்னாரா?"

கேட்கவில்லை என்று சொன்னவன், கேட்டதை எப்படிச் சொல்வது?

"கட்டடம் நல்லாருக்குன்னாரு."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

போன செவ்வாய்க்கிழமை தனியாக அங்கே போனேன். அன்று நின்ற அதே இடத்தில் நின்று, சுவரில் வாயை வைத்து, "கேட்டுச்சுப்பா. எல்லாம் கேட்டுச்சு" என்றேன்.

அப்பா நின்ற இடத்தில் தோள்பையோடு நின்றிருந்த ஒரு பெரியவர் திடுக்கிட்டு விலகினார். சுவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்தார். என் காதுக்குள், மிகப் பக்கத்தில், ஒரு குரல்.

"எனக்கா சொன்னீங்க?"

கேட்டுவிட்டுக் காதைச் சுவரில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார், சட்டைப்பையின் மேல் மஞ்சள் ஸ்டிக்கரோடு.